கப்பல் பஞ்சு

போன வாரம் எங்கள் தெருமுனை பேக்கரியில் உட்கார்ந்து தேங்காய் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை இருக்கிறவன் செய்யக்கூடாத காரியம். என் வீட்டில் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் என் பழைய சிநேகிதர். பவுண்டரி வைத்திருந்து மூடியவர். செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இந்த அநியாயத்தப் பாருங்க. எத்தன டன் இரும்பு!"

ஏதோ ஒரு தூர தேசத்தின் விமானந்தாங்கிக் கப்பல். பழைய செய்திதான், யாரோ மறுபடியும் சுற்றில் விட்டிருக்கிறார்கள். கப்பல் ஓய்வு பெற்றுவிட்டது. உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். கடல் கடந்து இழுத்துக்கொண்டு போனால், பாதி வழியில் வாங்கிய நாடு வேண்டாம் என்றுவிட்டது. திருப்பி இழுத்து வந்தால், சொந்த நாட்டுத் துறைமுகமே கதவைச் சாத்திக்கொண்டது. மாதக்கணக்கில் நடுக்கடலில் அலைந்து, கடைசியில் அந்த நாட்டுக் கடற்படையே அதற்கு ஓட்டை போட்டு ஆழத்தில் முழுக அடித்துவிட்டதாம்.

"நமக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா லாரி போட்டு எடுத்துட்டு வந்திருப்பமில்லீங்க" என்றார் சிநேகிதர். கோயம்புத்தூர்க்காரனுக்கு இரும்பு வீணாகப் போவதைப் பார்த்தால் வயிறு எரியும். அது பிறவிக் குணம்.

நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். யாரும் அதைச் சேர்க்காத காரணம் கடைசிப் பத்தியில் இருந்தது. கப்பலின் வயிறு பூராவும் ஆஸ்பெஸ்டாஸ். பாய்லருக்கும் நீராவிக் குழாய்களுக்கும் சுற்றி வைத்த வெள்ளை நார். தூசியாகி மூச்சில் போனால் நுரையீரலில் தைத்துக்கொண்டு வெளியே வராது. அதற்குப் பயந்துதான் ஒருவரும் அதைக் கிட்டத்தில் சேர்க்கவில்லை.

கையிலிருந்த பன் டீக்குள் விழுந்து கரைந்துபோனது. "ஏனுங்க, மொகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு?" என்றார் சிநேகிதர். "டீயில சக்கர ஜாஸ்திங்க" என்றேன். பொய் சொல்வதில் நான் பழைய கை. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு வருஷம் ஊரைச் சுற்றிய பிறகு, கணபதிப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் எனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. சூப்பர்வைசர் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு இரும்பு மேசை, ஒரு கேட் பாஸ் புத்தகம், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாது, அழகுக்கு. அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

எங்கள் தொழிலை 'பாய்லருக்குச் சட்டை போடறது' என்போம். திருப்பூரில் சாயப்பட்டறைகள் மழைக்காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த சமயம். பட்டறைக்குப் பட்டறை பாய்லர். சூடு வெளியே போகாமல் இருக்க, பாய்லர் மேலும் குழாய்கள் மேலும் வெள்ளை நாரைச் சிமெண்டோடு குழைத்து அப்பி, துணி சுற்றி, தகடு போர்த்த வேண்டும். எங்கள் முதலாளி கெட்டிக்காரர். புதுச் சரக்கு வாங்கமாட்டார். குஜராத் கடற்கரையில் கப்பல் உடைக்கிறார்களே, அங்கே உரித்துப் போட்ட பழசை லாரி லாரியாக இறக்குவார். ஷெட்டில் அதற்குக் கப்பல் பஞ்சு என்று பேர்.

லாரி வந்து நின்றதும் ஒரு வாசம் வரும். நனைந்த கோணிச்சாக்கு, கருகின எண்ணெய், அதற்கடியில் லேசாக ஒரு உப்பு. கடல் இல்லாத எங்கள் ஊருக்குக் கடல் அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் மழையில் நனைந்த சாக்கு மூட்டையைக் கடந்து போனால் எனக்கு நடை தடுமாறும்.

வந்த சரக்கு கட்டி கட்டியாக இருக்கும். உள்ளே கம்பித் துண்டு, பெயிண்ட் செதில், சில நேரம் செத்த கரப்பான். அதையெல்லாம் பொறுக்கி, கட்டியைக் கையால் பிரித்து, உதறி, பூப்போல ஆக்க வேண்டும். அந்த வேலைக்கு எட்டுப் பெண்கள் இருந்தார்கள். எட்டுப் பேரும் நூல் மில்லில் இருந்தவர்கள். மில் மூடிக்கொண்டதும் வீதிக்கு வந்தவர்கள். "பஞ்சு தொட்ட கைய்யி, தனியாச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல பாரு" என்று முதலாளி தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். அது மெய்தான். பார்க்க வெள்ளை வெளேர், தொட மெத்மெத். வேறு ஊர்ப் பெண்களாக இருந்திருந்தால் இதென்ன கண்றாவி என்று எட்ட நின்று பிடித்திருப்பார்கள். இவர்களோ இருபது வருஷம் பஞ்சில் புழங்கியவர்கள். மடியில் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே, விரல் விரலாகப் பிரித்தார்கள். தலையிலும் புருவத்திலும் வெள்ளையாக ஏறியதை மத்தியானம் முந்தானையால் தட்டிவிட்டுச் சோற்றுப் போசியைத் திறந்தார்கள். மில்லிலும் அப்படித்தானே.

அவர்களில் மூத்தவர் சரசக்கா. நாற்பத்தைந்து வயசிருக்கும். புருஷன் இல்லை, பூங்கொடி என்று ஒரே மகள். முதல் நாள் ஒரு சிட்டிகை நாரை எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். மில்காரர்கள் பஞ்சின் தரம் பார்க்கிற பார்வை அது.

"எழ நல்லா நீளமுங்க தம்பி. அறுவதாம் நெம்பர் சன்ன நூலே எடுக்கலாம்."

நானும் பெரிய நிபுணன் மாதிரித் தலையாட்டினேன்.

ஒரு தடவை லாரியோடு வந்த புரோக்கர், இந்த லோடு சாதாரணக் கப்பலுடையது இல்லை, ஏரோப்ளேன் இறங்குகிற போர்க் கப்பலுடையது என்று அளந்துவிட்டுப் போனான். விலையை ஏற்றுவதற்கு விட்ட புருடாவாகக்கூட இருக்கலாம். ஆனால் ஷெட்டில் ஒரு வாரம் அதே பேச்சு.

"கப்பல் மேல ஏரோப்ளேன் எறங்குமாமா, நெசமுங்களா தம்பி?" என்றார் சரசக்கா.

"நெசந்தானுங்க்கா."

"அப்ப அந்தப் பாரத்துக்கு முழுகாதுங்களா?"

"முழுகாதுங்க."

"அதெப்படிங்க? எங்கூட்டுல ஒரு சொம்பு நழுவுனாவே கெணத்துக்கடியில போய் ஒக்காந்துக்குது!"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நான் விடுவேனா? டிப்ளமோ ஆயிற்றே. வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, டம்ளரை மிதக்கவிட்டு, அதில் கல்லைப் போட்டு, அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். டம்ளர் கவிழ்ந்து என் பேண்ட் நனைந்ததுதான் மிச்சம். "போதுங்க தம்பி, நீங்க நனையாதீங்க" என்றார் சரசக்கா. "நானெல்லாம் கடலையே பாத்ததில்லீங்க. பாத்தா இந்தக் கப்பலத்தான் பாக்கோணும். ரெண்டு வருசமா கப்பல் பஞ்சப் பிரிக்கறனே, ஒரு ஒறவு மொறை ஆச்சுல்லங்க?"

அந்த வருஷம் ஆவணியில் பூங்கொடிக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை அவிநாசியில் சைக்கிள் கடை. சீர்ப் பாத்திரமெல்லாம் சரசக்கா எப்படியோ சேர்த்துவிட்டார். மெத்தையும் ஒரு மாமன் வீட்டில் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு தலையணைக்குத்தான் இலவம்பஞ்சு வாங்க வேண்டும் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. எனக்குள் ஒரு வள்ளல் எழுந்தான்.

"எதுக்குங்க்கா இலவம்பஞ்சு? இதுல ஒரு மூட்ட எடுத்துக்குங்க."

"ஐயோ, வேண்டாமுங்க தம்பி. கம்பெனிப் பொருளு. நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நல்லாருக்காது."

"நான் தரேன்ல? எடுத்துக்குங்கன்னா எடுத்துக்குங்க."

அதோடு விட்டேனா? தீப்பெட்டியை வாங்கி, ஒரு பிடி நாரில் குச்சியைப் பற்றவைத்துக் காட்டினேன். நெருப்பு அதைத் தொட்டுவிட்டு அணைந்துபோனது. "பாத்தீங்களா? மாப்ள பீடி குடிச்சுக்கிட்டே தூங்கிப்போனாலும் பயமில்ல. மூட்டப்பூச்சி கிட்டயே அண்டாது." பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானே நல்லதாகப் பார்த்து ஒரு மூட்டை எடுத்து வைத்தேன். நானே கேட் பாஸ் எழுதினேன். 'வேஸ்ட், ஒரு மூட்டை' என்று எழுதி, கீழே வளைத்து வளைத்து ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நினைத்தால் இப்போது கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்கடுத்த வருஷம், திருப்பூரில் ஒரு புதுச் சாயப்பட்டறைக்குச் சட்டை போடப் போயிருந்தோம். வெளிநாட்டு மிஷின். அதை மாட்டிக்கொடுக்க ஒரு வெள்ளைக்கார ஃபிட்டர் வந்திருந்தார். ஆறரை அடி ஆள். எங்கள் ஆட்கள் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். அந்த மனிதர் ஒரு பார்வை பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு எடுத்தாரே ஓட்டம்! வெளியே போய்க் கைக்குட்டையை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு ஏதோ கத்தினார். "வெள்ளக்காரனுக்குப் பஞ்சப் பாத்துப் பயம்டோய்!" என்று எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவருடன் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், அவங்க ஊர்ல இதைத் தொடணும்னா உடம்பு பூரா மூடிக்கிட்டுத்தான் தொடுவாங்களாம். மூச்சுல போச்சுன்னா வெளிய வராது. இருவது வருஷம், முப்பது வருஷம் கழிச்சு ஆளைச் சாய்ச்சுடுமாம். இதை உங்க கம்பெனில யார் பிரிக்கிறாங்க?"

"மிஷின் இருக்குங்க" என்றேன். பொய் நாக்கிலேயே தயாராக இருந்தது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இல்லை. "அவனுக்கு வெய்யிலும் ஆவாது, மொளகாயும் ஆவாது, பஞ்சும் ஆவாது. நீ போயி வேலையப் பாரு" என்றார். நான் போய் வேலையைப் பார்த்தேன். என்ன வேலை தெரியுமா? மறுநாள் காலையில் என் இரும்பு மேசையை ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். உள்ளே புழுக்கம் தாங்கவில்லை என்று காரணம் சொன்னேன். எட்டுப் பெண்கள் உள்ளே தூசுக்குள் உட்கார்ந்து விரல் விரலாகப் பிரித்துக்கொண்டிருக்க, அவர்களுடைய சூப்பர்வைசர் மரத்தடிக் காற்றில் உட்கார்ந்து பேனா பிடித்தான். "பாவம், தம்பிக்கு வேக்காடு ஆவறதில்ல" என்று சரசக்கா தன் போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். அதையும் குடித்தேன்.

வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அவர்களுக்கும் போய்விடுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. ஆனால் மேசையை மட்டும் நகர்த்தியவனுக்கு அந்தச் சாக்கெல்லாம் செல்லாது. என்னைத் தூங்கவிடாமல் அடித்தது தலையணைகள்தான். ஷெட்டில் இருப்பதாவது முதலாளியின் பாவம், தலையணை என்னுடையது. பூங்கொடிக்கு ஆண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்கு பஸ் ஏறினேன். சொல்லிவிடுவது, தலையணைகளை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது, இலவம்பஞ்சில் புதுசாக இரண்டு வாங்கிக் கொடுத்துவிடுவது. வழியெல்லாம் வசனம் பழகினேன். தேர் வீதிக்குப் பின்னால் வீடு. பூங்கொடி வாசலிலேயே பார்த்துவிட்டாள். "வாங்கண்ணா, வாங்க! கோயலுக்கு வந்தீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். பார்த்தீர்களா, முதல் வார்த்தையே சறுக்கல்.

உட்காரவைத்து அரிசிம்பருப்பு சாதம் போட்டு, மேலே நெய்யை ஊற்றினாள். குழந்தை பாயில் கிடந்தது. தலைக்கடியில் தலையணை. உறையில் இரண்டு பச்சைக் கிளிகள், நடுவில் 'நல்வரவு'. சரசக்கா கையால் போட்ட பூவேலை. குழந்தை ஓரத்தைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. "எச்சப் பண்ணாத சாமி" என்று பூங்கொடி தலையணையை உருவி, இரண்டு தட்டுத் தட்டி, திருப்பிப் போட்டாள். ஜன்னல் வெயிலில் தூசு எழுந்து, மெதுவாகக் குழந்தையின் முகத்தின் மேல் இறங்கியது.

"அம்மா சொல்லீட்டே இருப்பாங்கண்ணா, நீங்க குடுத்த பஞ்சுன்னு. மூட்டப்பூச்சியே அண்டறதில்லீங்க."

இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொண்டான். "நல்லாருக்குதுங்களா? சந்தோசமுங்க" என்றேன் நான். குழந்தை கையில் ஒரு நோட்டைத் திணித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அந்த வெள்ளைக்காரர் சும்மா இருக்கவில்லை. பட்டறைக்காரர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். அவர்கள் எங்கள் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு வேறு சாமான் கேட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பட்டறைகள். அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று வேறு ஒரு பேச்சு. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இருக்கறது பூராத்தையும் பாறக்குழில போட்டுப்போடு. ஒரு துணுக்கு மிச்சமிருக்கக் கூடாது."

சத்தி ரோட்டில் சரவணம்பட்டி தாண்டி உள்ளே போனால் ஒரு பாறைக்குழி உண்டு. கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்ட பள்ளம். மழைத்தண்ணீர் நின்று பச்சையாக, ஆழம் தெரியாமல் கிடக்கும். காலையில் இரண்டு டெம்போவில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனோம். எடுத்துப் போட எட்டுப் பெண்களும் வந்தார்கள். முதல் மூட்டையைத் தூக்கிப் போட்டால், அது முழுகவில்லை. எருமை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. மிதப்பதைப் பற்றிப் பாடம் நடத்தியவன் கரையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கடைசியில் சரசக்காதான் வழி சொன்னார். "கல்லு வெச்சுக் கட்டி உடுங்க தம்பி." ஆளுக்கொரு மூட்டையில் ஜல்லிக் கல்லைத் திணித்து வாய் கட்டினார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக, குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போயின.

டெம்போவில் நாலைந்து மூட்டை மிச்சம். சரசக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க தம்பி, நல்ல பஞ்சப் போயி தண்ணிக்குள்ள உடறீங்க? எப்படியும் வீணாப் போறதுதான. ஒரு மூட்ட குடுத்தீங்கன்னா பேரனுக்குச் சின்னதா ஒரு மெத்த தெச்சுப்போடுவேன்."

அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. ஏன் தண்ணீரில் விடுகிறேன் என்ற காரணம் என் வாய்வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி தலையணையைப் பற்றி வரும். அதற்கடுத்து, உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று வரும். அதற்கடுத்து அந்த முகம் என்னை எப்படிப் பார்க்கும் என்று தெரியும். பயத்தில் உடம்பெல்லாம் சூடாகி, கத்தினேன்.

"ஓசின்னா போதுமா? கைய நீட்டிக்கிட்டே வந்துருவீங்களா? அன்னைக்கு ஒரு மூட்ட தூக்கிக் குடுத்ததே தப்பாப் போச்சு! குடுத்தாப் பத்தாது உங்களுக்கெல்லாம்!"

பாறைக்குழி எதிரொலிக்கும். 'உங்களுக்கெல்லாம்' என்பது எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. ஏழு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சரசக்கா திரும்பி நடந்தார். போய் மிச்ச மூட்டைகளுக்குக் கல் கட்டினார்.

அவரைக் காப்பாற்றத்தான் அப்படித் திட்டினேன் என்று பின்னாளில் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடம் மறைப்பானேன், நான் காப்பாற்றியது என்னை.

இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்தார். இரண்டு கக்கத்திலும் இரண்டு தலையணைகள். உறை இல்லாமல் மொட்டையாக இருந்தன. அவிநாசிக்குப் போய் மகள் வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வேப்பமரத்தடியில் என் மேசை மேல் வைத்தார்.

"ஒறை எங்களதுங்க, கழட்டிக்கிட்டேன். பஞ்சு உங்களதுங்க, சார்."

அதுவரை அவர் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை.

சீராகக் கொடுத்ததைச் சம்பந்தி வீட்டிலிருந்து திருப்பி வாங்கி வருவதென்றால் நம் பக்கத்தில் அது எப்பேர்ப்பட்ட தலைகுனிவு என்று உங்களுக்கே தெரியும். அதைச் செய்துவிட்டு நிமிர்ந்து நின்றார். நான் என்ன செய்தேன்? மனசுக்குள் 'அப்பாடா' என்றேன். குழந்தையின் தலைக்கடியிலிருந்து அது போய்விட்டது, நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. முப்பது வருஷமாக என்னைத் தின்பது அந்த 'அப்பாடா'தான். இப்போதாவது எழுந்து நின்று, "அக்கா, உட்காருங்க, ஒன்னு சொல்லோணும்" என்று ஆரம்பித்திருக்கலாம். குனிந்து கேட் பாஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கியபோது அவர் கேட்டைத் தாண்டிவிட்டார். அன்று மத்தியானம் மொபெட்டில் தலையணைகளைக் கட்டிக்கொண்டு போய், கல் கட்டி, அவற்றையும் பாறைக்குழியில் முழுக விட்டேன்.

சரசக்கா அப்புறம் வேலைக்கு வரவில்லை. மற்ற ஏழு பேரும் ஷெட் மூடும்வரை இருந்து, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அவர்களிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் பம்பு விற்கப் போய்விட்டேன். கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன், சர்க்கரை எல்லாம் வரிசைப்படி வந்து சேர்ந்தன.

பேக்கரியில் அந்தச் செய்தியைப் பார்த்த மறுநாள் அவிநாசிக்குப் போனேன். தேர் வீதிக்குப் பின்னால் அதே இடத்தில் மாடி வீடு. கீழே சைக்கிள் கடை பைக் கடையாகியிருந்தது. பூங்கொடிக்கு நரைத்துவிட்டது. கண்ணை இடுக்கிப் பார்த்து, "சூப்ரவைசர் அண்ணனுங்களா? ஐயோ, வாங்கண்ணா!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுவரில் சரசக்கா, மாலையோடு.

"ஆறு வருசமாச்சுங்கண்ணா. மூச்சு எளப்புங்க. கடைசி ரெண்டு வருசம் படுக்கவே முடியல. முதுகுக்கு மூணு தலகாணி அண்டக் குடுத்து ஒக்காந்துட்டேதான் தூங்குவாங்க. மில்லுல இருந்தவங்கல்லங்க, பஞ்சுத் தூசு நொரையீரல்ல கட்டிக்கிச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

நான் போனதே சொல்லத்தான். இத்தனை தூரம் அதற்காகத்தான் வந்திருக்கிறேன். திட்டுவதற்கு அவர் இல்லை, பிடுங்கிக்கொள்ள எனக்கு வேலையும் இல்லை. என் வாய் திறந்தது.

"ஆமாங்க. மில்லுப் பஞ்சு பொல்லாதது" என்றேன்.

டீ கொண்டுவந்தாள். மகன் பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறானாம், ஒரு நோய் நொடி கிடையாதாம். அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு மூச்சு சரியாக வந்தது. அம்மாவை ஒருமுறை ராமேசுவரம் கூட்டிப்போனார்களாம். கடலைப் பார்த்ததும், "இதுல ஏரோப்ளேன் எறங்கற கப்பலு எங்க நிக்குது?" என்று கேட்டாராம். சொல்லிச் சிரித்துவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவள் மாதிரி, "அண்ணா, அந்தத் தலகாணிய அம்மா திருப்பி வாங்கீட்டுப் போனாங்கல்ல, எங்க மாமியா பெரிய சண்டையே போட்டுட்டாங்க. எதுக்கும்மான்னு நானும் எத்தனையோ தடவ கேட்டிருக்கறேன். 'தம்பிக்கு மேல இருந்து ஏதோ நெருக்கடி, பாவம், நல்ல பையன்'னு சொல்லுவாங்களே தவிர வேற ஒரு வார்த்த சொன்னதில்லீங்க" என்றாள்.

உள்ளே மிக்சிக்கு மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. சாயம் போன இரண்டு கிளிகள்.

வாசல்வரை வந்து, "அடிக்கடி வந்துட்டுப் போங்கண்ணா" என்றாள். "வாரேனுங்க" என்றேன்.

நேற்றைக்கு அந்தப் பாறைக்குழியையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சத்தி ரோடே அடையாளம் தெரியவில்லை. நான் நின்ற கரை எது என்று சுற்றிச் சுற்றித் தேடினேன். குழியைத் தூர்த்து, மேலே எட்டு மாடிக்கு இரண்டு கட்டடம். நடுவில் புல்தரை, குழந்தைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். பெயர், பார்க்க வேண்டிய ஆள், என்ன விஷயம் என்று மூன்று கட்டம்.

"ஆரப் பாக்கோணுமுங்க?"

"ஆரையுமில்லீங்க. இங்க ஒரு பாறக்குழி இருந்துச்சு."

"அதெல்லாம் தெரியாதுங்க. நான் வந்து ரெண்டு வருசந்தான் ஆச்சு."

மில் இல்லை, ஷெட் இல்லை, வேப்பமரம் இல்லை, பாறைக்குழி இல்லை. என்னைத் தம்பி என்று கூப்பிட்ட குரலும் இல்லை. அந்தக் கப்பல் எந்தக் கடலில், ஏன் முழுக அடிக்கப்பட்டது என்று உலகத்துக்கே தெரிந்திருக்கிறது, பேக்கரியில் பன் தின்கிறவன் வரைக்கும். மில் தூசாகவும் இருக்கலாம் என்று என் மனசு இன்னமும் எனக்காக வக்காலத்து வாங்கிப் பார்க்கிறது. இருக்கலாம்தான். ஆனால் இன்னொரு தூசும் உண்டு என்று பூங்கொடியிடம் சொல்ல இந்த ஊரில் மிச்சமிருக்கிற ஆள் நான் ஒருவன். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அதை அவளிடம் சொல்லாமல் வந்து, உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.